கட்டிங் பிளேயர் பிடித்த கலைஞர்



சங்க மலருக்குக் கட்டுரை என்றாலே ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார், கட் அடித்துப் பார்த்த சினிமா என்றுதான் வரும். அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொரு கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அமெரிக்காவில் 1919-இல் மெக்கானிக்கல் முடித்தவர். நம்மைப் போலவே டிராயிங் ஷீட்டோடு மல்லுக்கட்டியவர். பிற்பாடு உலகமறிந்த சிற்பியானவர். பெயர் அலெக்ஸாண்டர் கால்டர்.

பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கைவேலையின் வாரிசுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழந்தையின் தொட்டிலுக்கு மேலே மீன், நட்சத்திரம், யானை என்று கம்பியில் தொங்கி, காற்று பட்டால் மெல்லச் சுற்றுகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் மொபைல் என்று பெயர். கையில் பேசும் மொபைல் வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த மொபைல் அது. அந்தப் பெயர் வந்தது கால்டரின் தொங்கும் சிற்பங்களிலிருந்துதான்.

இவர் மேல் எனக்கு அக்கறை வந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் அனல் மின் நிலையங்களில் பாய்லர் எரெக்‌ஷன் பார்க்கிறவன். ஒரு சைட் முடிந்தால் அடுத்த சைட். எட்டு வருஷத்தில் மூன்று மாநிலம், ஐந்து ஊர். கூடவே மனைவியும் மகளும். குழந்தைக்கு ஆறு வயது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இப்படி நாடோடியாகத் திரிந்தால் பிள்ளை எங்கே வேர் விடும்? நியாயமான கேள்வி. அதை மனதில் வைத்துக்கொண்டே கால்டரின் கதையைப் படித்தேன். ஏனென்றால் அவரும் அப்படி ஊர் ஊராக வளர்ந்த பிள்ளை.

மூன்று தலைமுறைச் சுத்தியல்

கால்டர் பிறந்தது 1898-இல், பிலடெல்பியா நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். தாத்தா ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து 1868-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர். அவரும் சிற்பி. பிலடெல்பியா நகர மண்டபக் கோபுரத்தின் உச்சியில் 37 அடி உயரத்தில் நிற்கும் வில்லியம் பென் வெண்கலச் சிலை அவர் செய்தது. அப்பா ஸ்டர்லிங் கால்டரும் சிற்பி. அம்மா நானெட் பாரிஸில் படித்த உருவப்பட ஓவியர். தாத்தா, அப்பா, மகன் மூவருக்குமே அலெக்ஸாண்டர் என்றுதான் பெயர். அதனால் நம்மாளை வீட்டில் சாண்டி என்று கூப்பிட்டார்கள்.

பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்டர் வந்தால் சோறு, வராவிட்டால் கடன் என்பதுதான் அன்றைய சிற்பி குடும்பம். நிலையான ஊர், நிலையான வருமானம், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கவலை, இந்த மூன்றும் இல்லாத வீடு. ஐரோப்பாவில் போஹீமியன் வாழ்க்கை என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. சாண்டிக்கு நாலு வயது இருக்கும்போது அப்பா அவனைப் பிறந்த மேனியாக நிற்கவைத்து ஒரு சிலை செய்தார். அந்த வெண்கலக் குட்டிப்பயல் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறான். அதே 1902-இல் பையனும் சும்மா இருக்கவில்லை; களிமண்ணில் ஒரு யானை பிடித்தான்.

வீடு மாறும், பட்டறை மாறாது

1905-இல் அப்பாவுக்குக் காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. வறண்ட காற்றுள்ள இடத்துக்குப் போ என்பதுதான் சிகிச்சை. பெற்றோர் இருவரும் அரிசோனாவில் ஆரக்கிள் என்ற ஊரிலிருந்த ஒரு பண்ணைக்குப் போனார்கள். பிள்ளைகள் இருவரையும் ஏறக்குறைய ஓர் ஆண்டு நண்பர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. 1906-இல்தான் குடும்பம் மறுபடி ஒன்றுசேர்ந்தது. சாண்டிக்கு அப்போது ஏழு வயது. ஊர் சுற்றும் வாழ்க்கையை ரொமான்டிக்காகப் பேசுகிறவர்கள் இந்த ஓராண்டை மறந்துவிடக் கூடாது.

பிறகு கலிபோர்னியாவில் பாஸடேனா. அங்கிருந்து மறுபடி பிலடெல்பியா. அப்புறம் நியூயார்க் பக்கம் ஹட்ஸன் நதிக்கரையில் குரோட்டன், அதன் பிறகு ஸ்பைட்டன் டைவில். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் பொருட்காட்சிக்கான சிற்ப வேலைகளை மேற்பார்க்கும் பொறுப்பு அப்பாவுக்குக் கிடைத்தது. மூட்டை முடிச்சோடு மறுபடி கலிபோர்னியா! ஒரு பள்ளியில் நண்பன் கிடைப்பதற்குள் அடுத்த பள்ளி.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசித்த இடம் வருகிறது. பாஸடேனாவில் வீட்டின் நிலவறையைச் சாண்டியின் பட்டறையாக ஒதுக்கிக் கொடுத்தார்கள். கையில் நிஜமான கருவிகளையும் கொடுத்தார்கள். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாகப் பையனுக்கு ஒரு பட்டறை இடம் பார்த்துவிடுவார்கள். ஊர் மாறியது, பள்ளி மாறியது, சிநேகிதர்கள் மாறினார்கள். பட்டறை மட்டும் மாறவில்லை.

அந்தப் பட்டறையில் என்ன நடந்தது? தெருவில் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வந்து அக்கா பெக்கியின் பொம்மைகளுக்கு நகை செய்தான். 1909 கிறிஸ்துமஸுக்குப் பித்தளைத் தகட்டை வெட்டி மடக்கி ஒரு நாயும் ஒரு வாத்தும் செய்து பெற்றோருக்குப் பரிசளித்தான். வாத்தைத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். பதினோரு வயதுப் பையன், வெல்டிங் இல்லாமல், ஒரே தகட்டை மடக்கி, எடை நடுவில் விழுகிற மாதிரி ஒரு வாத்து செய்திருக்கிறான். ஷீட் மெட்டல் பாடத்தில் டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேஸ் போட்டுத் திணறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அந்த வாத்துதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அதே வீட்டில், அதே பெற்றோரிடம், அதே ஊர்களில் வளர்ந்த அக்கா பெக்கி சிற்பியாகவில்லை. அவர் பின்னாளில் குடும்பத்தின் கதையைப் புத்தகமாக எழுதினார். ஆகவே நாடோடி வளர்ப்பு கொடுத்தால் கலைஞன் கிடைப்பான் என்று ஃபார்முலா போட முடியாது. வளர்ப்பு ஒரு வாய்ப்பைத் தரும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கல் என்றால் என்னவென்று தெரியாமலே

இத்தனைக்கும், கலைஞனாக வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று பட்டுத் தெரிந்த பெற்றோர், மகனும் அதில் வந்து விழுவதை விரும்பவில்லை. நம் வீடுகளில் நடப்பது போலத்தான்! பையன் மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றான். ஏன் மெக்கானிக்கல்? பள்ளித் தோழன் ஒருவன் அதைப் படிக்கப் போவதாகச் சொன்னான், இவனுக்கும் பிடித்துப்போயிற்று. அது என்ன படிப்பென்றே அப்போது தனக்குத் தெரியாது என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் கல்லூரியிலும் கவுன்சலிங்கில் நண்பனைப் பார்த்து பிராஞ்ச் எடுத்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னால் பாதி அரங்கம் தூக்கும்.

1915-இல் நியூஜெர்ஸி மாநிலம் ஹோபோக்கனில் உள்ள ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். கணக்கு நன்றாக வந்தது. அதிலும் டிஸ்கிரிப்டிவ் ஜியாமெட்ரி, அதாவது முப்பரிமாணப் பொருளைத் தாளில் வரையும் வித்தை, அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1919-இல் பட்டம் வாங்கினார். எப்போதும் சிரித்த முகம், எப்போது பார்த்தாலும் ஏதோ குறும்பு என்பதுதான் கல்லூரியில் அவருக்கிருந்த பெயர்.

அப்புறம் என்ன, நம் கதைதான். நியூயார்க் எடிசன் மின்சாரக் கம்பெனியில் வரைபட வேலை, நீரியல் பொறியாளர் வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று. எதிலும் மனசு ஒட்டவில்லை. 1922-இல் மாலை நேர ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். பகலில் சம்பளம், மாலையில் பென்சில்.

ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலா

அதே 1922-இல் எச்.எப். அலெக்ஸாண்டர் என்ற பயணிகள் கப்பலின் பாய்லர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். (பாய்லர்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப் பெருமை!) நியூயார்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே பனாமா கால்வாய் வழியாகப் பயணம். கீழே தாங்க முடியாத வெக்கை. அதனால் மேல் தளத்தில் வந்து தூங்குவார். கப்பல் குவாதமாலா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் கண் விழித்தார். கடல் அமைதியாக இருந்தது. ஒரு பக்கம் சூரியன் தகதகவென்று எழும்புகிறது. நேர் எதிர்ப் பக்கம் முழுநிலா வெள்ளிக் காசு மாதிரி இறங்குகிறது. நடுவே இவர்.

இரண்டு வட்டங்கள், ஒன்று ஏற ஒன்று இறங்க, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துலாக்கோல். அந்தக் காட்சி கடைசி வரை தன்னை விடவில்லை என்பதை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் பின்னால் செய்த மொபைல்களில் சிவப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் எதிரெதிரே தொங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. பாய்லர் அறைக்குப் போனதால்தான் அந்த விடியல் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள்.

அக்கா வீடு இருந்த வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய், மரம் வெட்டும் முகாம் ஒன்றில் டைம்கீப்பராக வேலை பார்த்தார். சுற்றிலும் பனி மூடிய மலைகள். வண்ணமும் தூரிகையும் அனுப்பச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் போட்டார். அனுப்பினார்கள். 1923-இல் நியூயார்க் திரும்பி ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வேலையை விட்டுவிட்டு 25 வயதில் மறுபடி மாணவன்!

பெட்டிக்குள் ஒரு சர்க்கஸ்

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பத்திரிகைக்குப் படம் போட்டார். 1925-இல் அந்தப் பத்திரிகை அவரை ரிங்லிங் சர்க்கஸ் கூடாரத்துக்கு அனுப்பியது. இரண்டு வாரம் அங்கேயே பழியாகக் கிடந்து வரைந்தார். சர்க்கஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. கயிற்றில் நடக்கிறவள், ஊஞ்சலில் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிறவர்கள், எல்லாமே சமநிலை விளையாட்டுதானே. அதே வருஷம் அறையில் கடிகாரம் இல்லை என்று கம்பியை வளைத்து ஒரு சேவல் செய்து, அதை நிழற்கடிகாரமாக வைத்துக்கொண்டார். அவர் கம்பியில் செய்த முதல் சிற்பங்களில் ஒன்று அது. தேவைக்குச் செய்த சாமான்.

1926-இல் ஒரு சரக்குக் கப்பலில் பெயின்ட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, அதையே பயணச் சீட்டாக்கி இங்கிலாந்து போய், அங்கிருந்து பாரிஸ் சேர்ந்தார். அம்மா படித்த ஊர். அம்மா அனுப்பிய சிறு தொகையில் வாடகை அறை. அங்கேதான் தன் சர்க்கஸைக் கட்டினார். கம்பி, கார்க், துணி, தோல், கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து யானை, சிங்கம், கத்தி வீசுகிறவன், குதிரைக்காரி எல்லோரையும் செய்தார். எல்லாம் பெட்டிக்குள் அடங்கும். நண்பர்கள் தரையிலும் கட்டிலிலும் உட்கார்ந்துகொள்ள, இந்தப் பெரிய மனிதர் மண்டியிட்டு விசிலடித்து, ஒவ்வொரு பொம்மையையும் இழுத்தும் சுண்டியும் ஆட வைப்பார். மீரோ, மார்சல் டூஷாம்ப், மாண்ட்ரியான் போன்ற பெருந்தலைகளெல்லாம் வந்து பார்த்த சர்க்கஸ் அது. இப்போது நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஐந்து வருஷம் கட்டிய சர்க்கஸ், ஊருக்கு ஊர் தூக்கிப் போகும்படி பெட்டிகளில் அடங்கியது தற்செயல் இல்லை. சிறு வயதிலிருந்தே வீடு மாற்றிப் பழகியவர் செய்த கலை அது. எதையும் எடுத்துச் செல்லும்படிதான் செய்வார். தெருவில் நடக்கும்போதுகூடத் தோளில் ஒரு கம்பிச் சுருள், சட்டைப் பையில் கட்டிங் பிளேயர். யாரையாவது பார்த்தால் அங்கேயே கம்பியில் அவர் முகத்தை வளைத்துவிடுவார். வெண்கலத்துக்கு உலை வேண்டும், பளிங்குக்குப் பட்டறை வேண்டும், கம்பிக்கு ஒரு பிளேயர் போதும். தாத்தாவும் அப்பாவும் தூக்க முடியாத சிலைகளைச் செய்தார்கள். பேரன் தூக்கிக்கொண்டு நடக்கும் சிலைகளைச் செய்தார்.

1929-இல் கப்பலில் நியூயார்க் திரும்பும்போது லூயிஸா ஜேம்ஸைச் சந்தித்தார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் உறவு வழிப் பேத்தி. 1931 ஜனவரியில் கல்யாணம். முந்தின இரவு பெண் வீட்டில் சர்க்கஸ் நடத்தினார். அதைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்ட பாதிரியாரிடம், பரவாயில்லை, இன்றைக்கு நடக்கும் சர்க்கஸுக்கு வந்துவிட்டீர்களே என்று சமாதானம் சொன்னாராம் மாப்பிள்ளை.

மாண்ட்ரியானின் சுவர்

1930 அக்டோபரில் பாரிஸில் ஓவியர் மாண்ட்ரியானின் அறைக்குப் போனார். வெள்ளைச் சுவரில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அட்டைச் சதுரங்கள் ஒட்டியிருந்தன. கால்டருக்குள் இருந்த மெக்கானிக்கல் விழித்துக்கொண்டது. இதெல்லாம் அசைந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். மாண்ட்ரியான் ஒப்புக்கொள்ளவில்லை, தன் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது என்றுவிட்டார். கால்டர் விடவில்லை.

முதலில் கைப்பிடியும் சின்ன மோட்டாரும் வைத்து வட்டங்களையும் கம்பிகளையும் ஆட்டினார். 1931-இல் டூஷாம்ப் இவற்றுக்கு மொபைல் என்று பேர் வைத்தார். மறு ஆண்டு ஜான் ஆர்ப் என்ற சிற்பி, அப்படியானால் அசையாமல் நிற்பவற்றைச் ஸ்டபைல் என்று சொல்லலாமே என்றார். இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன. ஆனால் மோட்டார் சுற்றினதையே சுற்றுகிறது, சலிக்கிறது என்று கண்டு அதைக் கழற்றிவிட்டார். ஜன்னலைத் திறந்து வைத்தார். காற்று பார்த்துக்கொண்டது.

மெக்கானிக்ஸ் முதல் யூனிட்

இப்போது கொஞ்சம் நம் பாடம். மொபைல் கட்டுவது எப்படி? மேலிருந்து தொடங்கினால் நடக்காது. கால்டர் அடியில் தொங்கும் கடைசித் தகட்டில் தொடங்குவார். ஒரு கம்பியின் ஒரு முனையில் ஒரு தகடு, மறு முனையில் இன்னொன்று. கம்பி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு வளையம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும், முதலாண்டில் படித்த மொமென்ட் கணக்குதான். இந்த முழு ஜோடியும் இனி ஒரே எடை. அதை அடுத்த கம்பியின் முனையில் மாட்டி, மறு முனைக்கு வேறு தகடு தேடி, மறுபடி நிற்கும் இடம் பார்த்து வளையம். இப்படியே மேலே மேலே. தொங்கவிடும் புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால்தான் தள்ளிவிட்டாலும் திரும்பி வரும். இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும்.

கணக்குப் போட்டா செய்தார்? இல்லை. கையில் தூக்கிப் பார்த்து, வளைத்து, நறுக்கி, மறுபடி தூக்கிப் பார்த்துச் செய்தார். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கை பாதி நிலவறையிலும் பாதி ஸ்டீவன்ஸிலும் பழகியது. 1957-இல் நியூயார்க் விமான நிலையத்துக்காகச் செய்த பெரிய மொபைலுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? புள்ளி ஒன்று இரண்டு ஐந்து. அலுமினியத் தகட்டின் தடிமன், அங்குலத்தில்! இன்ஜினியரைத் தவிர வேறு யார் இப்படிப் பெயர் வைப்பார்கள்?

1937 பாரிஸ் பொருட்காட்சியில், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயின் குடியரசின் மண்டபத்தில், பிக்காஸோவின் குவெர்னிகா ஓவியத்துக்கு எதிரே ஒரு நீரூற்று. தண்ணீருக்குப் பதில் பாதரசம். அது ஸ்பெயினின் அல்மடேன் சுரங்கத்துப் பாதரசம் என்பதே அங்கே ஓர் அரசியல் செய்தி. பாதரசம் பல உலோகங்களைத் தின்றுவிடும். எனவே இரும்புத் தகட்டில் தார் பூசி அதன் மேல் ஓடவிட்டார். மெட்டீரியல் செலக்‌ஷன் தெரிந்த சிற்பி! இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது கட்டைகளைச் செதுக்கிக் கம்பியில் கோர்த்தார். 1946 பாரிஸ் கண்காட்சிக்காகக் கழற்றி மடித்து விமானத் தபாலில் அனுப்பக்கூடிய சிற்பங்கள் செய்தார். தடை வந்தபோதெல்லாம் புது வகை ஒன்று வந்திருக்கிறது.

கராகஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் பேரரங்கத்தையும் சொல்ல வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் கட்டியது. அரங்கில் எதிரொலிப் பிரச்சினை. ஒலியியல் பொறியாளர் ராபர்ட் நியூமன் கூரையிலிருந்து ஒலிப்பலகைகள் தொங்க வேண்டும் என்றார். கட்டடக் கலைஞர் வில்லனுவேவா கால்டரைக் கேட்டிருந்தார். விளைவு, முப்பதுக்கு மேற்பட்ட வண்ண மேகங்கள் கூரையிலும் சுவரிலும். சிற்பமும் அதுதான், ஒலியியல் சாதனமும் அதுதான். அந்தப் பல்கலைக்கழக வளாகத்தை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நம் ஆடிட்டோரியத்தில் பேசிய எல்லோரும் இந்தப் பத்தியைப் பெருமூச்சோடு படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆமதாபாத்துக்கு வந்தவர்

1955-இல் கால்டர் தம்பதி இந்தியாவுக்கும் வந்தார்கள். அழைத்தவர் ஆமதாபாத்தின் கீரா சாராபாய். பின்னாளில் அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக உழைத்தவர்களில் ஒருவர். இந்தியாவைச் சுற்றிக் காட்டுகிறோம், பதிலுக்குச் சில சிற்பங்கள் செய்து கொடுங்கள் என்பது ஏற்பாடு. கால்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊரும் பார்க்கலாம், வேலையும் பார்க்கலாம். ஒன்பது சிற்பங்களும் சில நகைகளும் இங்கே செய்தார். அவற்றில் ஒன்றுக்கு ஈழத்தலரிப் பூவின் ஆங்கிலப் பெயர். சொந்தப் பட்டறை இல்லாத ஊரிலும் அவரால் வேலை செய்ய முடிந்தது. சிறு வயதில் நிலவறைக்கு நிலவறை மாறிப் பழகியதன் பலன் இதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பாகம் பாகமாகக் கப்பலேறியது

1950-களுக்குப் பிறகு அவர் செய்தவை பெரும்பாலும் பிரம்மாண்டமான ஸ்டபைல்கள். பிரான்ஸில் சாஷே கிராமத்தில் வீடு, பக்கத்தில் தூர் நகரத்தில் பியேமோன் இரும்புப் பட்டறை. முதலில் கையால் தகட்டை வெட்டி ஒரு சின்ன மாதிரி. பிறகு பட்டறையில் அதைவிடப் பெரிய மாதிரி. எங்கே தகடு துவளுகிறது, எங்கே ரிப் வைக்க வேண்டும், எங்கே கஸ்ஸெட் வேண்டும் என்று அதில் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் முழு அளவு. பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, பாகம் பாகமாகக் கப்பலேற்றி, போய்ச் சேர்ந்த ஊரில் போல்ட் போட்டு நிறுத்துவார்கள். 1969-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அப்படி நின்றது 43 அடி உயரம், 42 டன். 1974-இல் சிகாகோவில் நின்ற செந்நிற ஃபிளமிங்கோ 53 அடி.

இந்த வேலை எனக்கு ரொம்பத் தெரிந்த வேலை. டிரையல் அசெம்பிளி, மேட்ச் மார்க், டிஸ்மேன்டில், டிஸ்பேட்ச், எரெக்‌ஷன். சர்க்கஸ் பெட்டியும் இதே தத்துவம்தான் என்று அப்போது உறைத்தது. கூடாரத்தைப் பிரி, வண்டியில் ஏற்று, அடுத்த ஊரில் கட்டு. அவர் ரிப்பையும் போல்ட்டையும் மறைக்கவில்லை என்பது இன்னும் பிடித்தது. தாங்குகிற தகடு தாங்குவதாகவே வெளியே தெரியும்.

1969-இல் ஸ்டீவன்ஸ் கல்லூரி தன் பழைய மாணவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1973-இல் ஒரு விமானத்துக்கு வண்ணம் தீட்டினார், 1975-இல் ஒரு பந்தயக் காருக்கு. 1976 அக்டோபரில் விட்னியில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் பெரிய கண்காட்சி திறந்தது. சில வாரங்களில், நவம்பர் 11 அன்று, நியூயார்க்கில் 78-ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு உயர்ந்த விருதை அறிவித்தபோது, வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்ற கோரிக்கையோடு குடும்பம் அந்த விழாவுக்குப் போகவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பார்க்காத வீடு என்றேனே, கடைசி வரை அப்படித்தான்.

22,000-க்கும் மேற்பட்ட படைப்புகள். பிலடெல்பியாவில் நகர மண்டப உச்சியில் தாத்தாவின் பென் சிலை, அங்கிருந்து நீளும் சாலையில் அப்பாவின் நீரூற்று, சாலை முடிகிற அருங்காட்சியகத்துக்குள் பேரனின் வெள்ளை மொபைல். ஓரிடத்தில் நிற்காத குடும்பத்துக்கு ஒரே சாலையில் மூன்று முகவரி!

நமக்கு என்ன?

பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பிள்ளைக்கு ஊர் வேர் இல்லை, கை வேர்தான். எங்கே போனாலும் தன்னுடையது என்று ஒரு மூலை, அதில் உடைக்கவும் ஒட்டவும் அனுமதி, கூட உட்கார ஒரு பெரியவர். கால்டரின் பெற்றோர் பணமாகவோ நிலமாகவோ கொடுக்க முடியாததை இப்படிக் கொடுத்தார்கள். ஆனால் ஓராண்டு பிரிந்திருந்ததையும், பாதியில் விட்ட பள்ளிகளையும் அந்த மூலை முழுசாக ஈடுகட்டியிருக்குமா? அதற்குப் பதில் சாண்டிக்குத்தான் தெரியும். என் இப்போதைய குவார்ட்டர்ஸில் பால்கனியின் ஒரு பாதி மகளுடையது. கம்பியும் பிளேயரும் அவள் டப்பாவில் இருக்கின்றன. அடுத்த சைட்டுக்கு முதலில் கட்டும் பெட்டி அதுதான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலையை விட்டுவிட்டுச் சிற்பியாகுங்கள் என்று நான் சொல்லவில்லை. கால்டரே படித்து முடித்து, சம்பாதித்து, பாய்லர் அறையில் வெந்து, பிறகுதான் தன் பாதைக்கு வந்தார். வந்தபோது படிப்பைத் தூக்கி எறியவில்லை, அதையே கருவியாக்கிக்கொண்டார். மெக்கானிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே நோட்டு என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

சங்கப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது நன்கொடைத் திட்டம் எடுக்கிறோம். இந்த ஆண்டு நம் கார்ப்பென்ட்ரி ஷாப்பையும் ஷீட் மெட்டல் ஷாப்பையும் சனிக்கிழமை மாலைகளில் திறந்து வைக்க ஏற்பாடு செய்யலாமே. ரெக்கார்ட் வேண்டாம், மார்க் வேண்டாம், எந்த பிராஞ்ச் பிள்ளையும் வந்து எதை வேண்டுமானாலும் செய்யட்டும். தகடும் கம்பியும் வாங்கும் செலவில் என் பங்கை நான் தருகிறேன். லீவில் வந்தால் கூட நின்று வெட்டவும் தருகிறேன், இரண்டு கை.

வாழ்க நம் கல்லூரி! அடுத்த சந்திப்பில் நேரில் பேசுவோம்.

- 2011 பேட்ச், மெக்கானிக்கல்